நோயுற்ற குழந்தையும் இல்லறத்தார் கடமையும்

இல்லறத்தார் செய்யத்தக்க தானங்களை நம் அறநூல்கள் உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என நான்காக வகுத்துள்ளன. அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியம் எண்ணப்படுகின்றது. நோயுற்றவர்க்கும் தளர்ந்தவர்க்கும் அருவருப்பின்றிச் செய்யும் பணிவிடையே அது. துறவியர்க்குரிய தொண்டாகவே இதனைப் படித்துப் பழகிய நமக்கு, வீட்டுக் குழந்தையே நெடுநாள் நோயில் வீழும்போதுதான் அச்சொல்லின் முழுப் பொருளும் புலனாகின்றது. குழந்தைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயைப் பற்றியும், அந்நோயுடன் ஒரு குடும்பம் மருத்துவமனையில் வாழ நேரும் காலத்தைப் பற்றியும் நம் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் மூத்த மகளுக்கு 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவளுடைய ஐந்தாம் வயதில், இந்நோய் இருப்பது தெரிந்தது. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கொஞ்சம் நிலமும் ஒரு கடையும் உடைய குடும்பம் எங்களுடையது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் முதல்முறை 43 நாட்களும், அடுத்த எட்டு மாதங்களில் விட்டுவிட்டு நூறு நாட்களுக்கு மேலும் தங்கினோம். சிகிச்சை 2021 மார்ச்சு மாதத்தில் நிறைவுற்றது. கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். மருத்துவம் பற்றிய ஐயங்களை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளத் துணைசெய்வதற்கு மேல் எங்கள் எழுத்துக்கு உரிமையில்லை.

நோயின் இயல்பு

நம் குருதியணுக்கள் எல்லாம் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. உயிர்வளியைச் சுமக்கும் செவ்வணு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு, காயம் பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்யும் தட்டணு என அவை மூவகைப்படும். வெள்ளணுவாக முதிர வேண்டிய இளம் அணுக்களுள் ஒன்று முதிராமலேயே பெருகத் தொடங்கி, தன்னைப் போன்றவற்றையே மேன்மேலும் ஈன்று, மஜ்ஜை முழுவதையும் நிறைத்துவிடுவதே இந்நோய். கோரை மண்டிய வயலில் நெற்பயிர்க்கு இடமில்லாமல் போவதைப் போன்றது இது. செவ்வணு குறைவதால் வெளுப்பும் சோர்வும் உண்டாகின்றன. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாமல் வருகின்றது. தட்டணு குறைவதால் அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகள் தோன்றும். ஈறுகளில் குருதி கசியும். மஜ்ஜை நெருக்குண்பதால் கால் எலும்புகள் நோகும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதும் உண்டு.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது குருதிப் புற்றே. அதனுள்ளும் மருத்துவமனைகளில் ‘ஏ.எல்.எல்.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நிணநீரணு வகையே பெரும்பான்மை. இரண்டு முதல் ஐந்து வயதிற்குள் இது அதிகமாக வருகின்றது. இது தொற்றுநோயன்று. நோயுற்ற குழந்தையுடன் ஒரே தட்டில் உண்டாலும் மற்றக் குழந்தைக்கு ஒட்டாது. பெரும்பாலான குழந்தைகளிடத்தில், பெற்றோர் செய்ததையோ செய்யத் தவறியதையோ காரணமாகக் காட்ட மருத்துவத்தில் இடமில்லை.

எங்கள் மகளுக்கு மூன்று வாரம் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இரவில் கால் வலிக்கிறது என்று அழுவாள். வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றனர். பிறகு டைபாய்டு என்று மருந்து தரப்பட்டது. அம்மருத்துவரைக் குறைகூற நாங்கள் விரும்பவில்லை. நூறு குழந்தைகளின் காய்ச்சலில் ஒன்றுகூட இந்நோயாக இருப்பது அரிது. ஆயினும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு வெளுப்பும் எலும்பு வலியும் சேர்ந்தால், முழுக் குருதியணு எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் குருதியைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையும் கேட்டுச் செய்துகொள்ளல் நலம். சிற்றூர்களிலும் ஒருநாளில் முடியும் சோதனைகள் இவை. எங்கள் மகளுக்குத் தட்டணு 18,000 ஆக இருந்தது. இருக்க வேண்டியது ஒன்றரை இலட்சத்திற்குமேல். ஆய்வுக்கூடத்தில் இருந்த இளைஞர் தாளை எங்கள் கையில் தராமல் வெளியே வந்து, “இன்று மாலைக்குள் சென்னை போய்விடுங்கள், அண்ணா” என்றார். அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

வினைப்பயன் என்னும் பேச்சு

மருத்துவமனைக்குக் காண வந்த உறவினர் பலர் அன்பினால் வந்தவர்களே. ஆயினும் படுக்கையருகில் நின்று, “எந்தப் பிறவியில் என்ன செய்தாளோ”, “பெற்றவர்கள் எதை மீறினார்களோ” என்று சொன்னவர்களும் உண்டு. குழந்தை கண்ணை மூடியிருந்தால் உறங்குகிறாள் என்று பொருளாகாது. அன்றிரவு அவள், “அம்மா, நான் கெட்டவளா?” என்று கேட்டாள்.

இவ்விடத்தில் நம் சமயம் உண்மையில் யாது கூறுகின்றது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். துன்ப நுகர்ச்சிக்கு அசாதா வேதனீய வினையின் உதயம் காரணம் என்பது நாம் ஏற்றுக்கொண்ட கொள்கை. அதனை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எவ்வுயிர் எப்பிறவியில் எவ்வினையை ஈட்டியது என்று அறிய வல்லது கேவல ஞானம் ஒன்றே. பேருந்தில் இறங்கி ஆப்பிள் பையுடன் வரும் நம்மில் எவர்க்கும் அவ்வறிவு இல்லை. மேலும், வினை பயன்தருவதற்கும் தராதொழிவதற்கும் புறத்தே துணைக்காரணங்கள் உண்டென்று நம் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நோய்க்கு ஒரு புறக்காரணம் இருக்குமாயின், நோய் தணிவதற்கும் மருந்தும் மருத்துவரும் புறக்காரணமாவர். வினை என்று சொல்லி மருந்தை நிறுத்துவார் சமயத்தைப் பாதியளவே படித்தவர் ஆவர்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், அசாதா வேதனீயம் வந்து பற்றுதற்குரிய காரணங்கள் சொல்லப்படுகின்றன. தனக்கோ பிறர்க்கோ துன்பத்தையும், துயரையும், புலம்பலையும் உண்டாக்குதல் அவற்றுள் அடங்கும். ஆகவே நோயுற்ற குழந்தையின் தாயை அழச் செய்யும் சொல்லைச் சொன்னவர், பிறர் வினையைச் சுட்டிக்காட்டும் முயற்சியில் தமக்கே அவ்வினையை ஈட்டிக்கொள்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதனை வேறு விதமாகச் சொன்னார்: “வினையைப் பற்றிப் பேச வருகிறவன் ஒரு பிளாஸ்கு வெந்நீராவது கொண்டு வரட்டும்.”

எங்கள் மனநிலையும் வேறோர் ஆபத்தில் இருந்தது. வேதனை எப்போது நீங்கும் என்பதனையே இடைவிடாது எண்ணியிருத்தல் ஆர்த்த தியானத்தின் ஒரு வகை என்று பாடம் படித்திருக்கிறோம். படித்ததற்கும் வார்டில் விளக்கணைத்த பின் விழித்திருப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் சொல்லியது துணைசெய்தது. அதைவிடவும் சில நேரங்களில் துணைசெய்தது, நாள்தோறும் ஒரு நோட்டில் காய்ச்சல், சிறுநீர் அளவு, உண்டது, மருந்து, அணு எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வந்த வேலை. கை ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் மனம் அதன் பின்னே ஓரளவு வருகிறது.

மருந்துகள் வந்த வழி

1940களின் இறுதி வரை இந்நோய்க்கு மருந்தே இல்லை. குழந்தைகள் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்தனர். இந்நிலையை மாற்றியதில் சென்னையில் படித்த ஒருவர்க்குப் பெரும்பங்கு உண்டென்பது நம்மில் பலர்க்குத் தெரியாது. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவன ஆய்வுக்கூடத்தில் போலிக் அமிலத்திற்கு எதிராக வேலைசெய்யும் பொருள்களைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் சிட்னி பார்பர் நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் சில காலம் அடங்கியதை 1948இல் வெளியிட்டார். சுப்பாராவ் அவ்வாண்டே மறைந்தார். அம்மருந்தின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்குரிய தலையாய மருந்துகளுள் ஒன்று. எங்கள் மகளின் மாத்திரைப் பெட்டியில் அது இரண்டாண்டு இருந்தது.

இன்னொன்று வின்கிரிஸ்டின். நம் தோட்டங்களில் எந்நாளும் பூத்திருக்கும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்க அஞ்சுவோரும் உளர். 1960களின் தொடக்கத்திலிருந்து குழந்தைகளைக் காத்து வருவது அச்செடியின் சாறே. இதனைப் படித்துவிட்டு எவரும் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிட வேண்டா. அச்செடி நச்சுடையது, மருந்தாக்கப்படும் அளவு மிகமிக நுண்ணியது.

ஒரு மருந்தால் அடங்கிய நோய் மீண்டும் எழுவதைக் கண்ட மருத்துவர்கள், பல மருந்துகளைச் சேர்த்தும், தண்டுவட நீருக்குள் செலுத்தியும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும் இன்றைய முறையை வகுத்தனர். செல்வ நாடுகளில் இன்று இவ்வகை நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். நம் நாட்டில் அவ்வளவு பேர் பிழைக்காமைக்குரிய காரணங்களுள் ஒன்று மருந்தின் குறைவன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதல் நாற்பது நாட்கள்

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்து நோயின் வகையை உறுதிசெய்த பின் சிகிச்சை தொடங்குகிறது. முதற் கட்டம் நான்கைந்து வாரம். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் நரம்பில் செலுத்துவர். நாள்தோறும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, இடையிடையே எல்-அஸ்பாராஜினேஸ் ஊசி, முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட். அஸ்பாராஜினேஸ் வேலைசெய்யும் விதம் வியப்புக்குரியது. நல்ல அணுக்கள் தமக்கு வேண்டிய அஸ்பாராஜின் என்னும் சத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள வல்லவை. நோயணுக்களால் போதிய அளவு ஆக்க இயலாது. அவை குருதியில் வருவதை நம்பியே இருக்கின்றன. மருந்து அச்சத்தைக் குருதியிலிருந்து அகற்றிவிட, நோயணுக்கள் பட்டினியால் அழிகின்றன.

ஸ்டீராய்டு மாத்திரையினால் குழந்தைக்குப் பெரும்பசி எடுக்கும். முகம் நிலாப்போல உருண்டுவிடும். சிடுசிடுப்பும் காரணமில்லாத அழுகையும் வரும். எங்கள் மகள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உணவு கேட்பாள். நம் வீடுகளில் சூரியன் மறைந்தபின் அடுப்பு எரிவதில்லை. இதனை என்செய்வது என்று நாங்கள் கலங்கியிருக்க, மருத்துவமனைக்கருகில் எடுத்திருந்த ஓரறை வீட்டில் எங்களுடன் தங்கியிருந்த அவளுடைய ஆயா அதனை ஒரு பொழுதில் தீர்த்தார். நாற்பதாண்டுகளாக இரவில் நீரும் அருந்தாத நோன்பினர் அவர். சிறிய வெந்நீர்ப் பாத்திரத்தில் சூடு குறையாமல் பருப்புச் சோறு கட்டி மாலையிலேயே கொடுத்தனுப்பினார். மருத்துவமனையிலிருந்து இடையில் அறைக்கு வந்த நாட்களில் தாமே எழுந்து அடுப்பை மூட்டினார். தம் நோன்பையும் விடவில்லை. கேட்டவர்க்கு, “விரதம் என்னுடையது, பசி குழந்தையுடையது” என்றார். தீர்த்தங்கரத் தன்மைக்குரிய பதினாறு பாவனைகளில், தவமும் தியாகமும் ஆற்றலுக்கேற்பச் செய்யப்படுவனவாகவே எண்ணப்பட்டிருப்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். நோயுற்றோர்க்கான பணிவிடையும் அதே பதினாறனுள் ஒன்று.

முட்டை பற்றியும் சொல்ல வேண்டும். புரதச்சத்து வேண்டும் என்று நாளொன்றுக்கு இரண்டு முட்டை எழுதித் தந்தனர். நாங்கள் எங்கள் வழக்கத்தைப் பணிவாகக் கூறினோம். உணவியலாளர் முகங்கோணாமல், பருப்பு, பால், பன்னீர், சோயா, வேர்க்கடலை கொண்டு அதே அளவு புரதத்திற்கு வேறொரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். வேர்க்கடலை மண்ணுள் விளைந்தாலும் கிழங்கன்று, காயே என்பதில் எங்கள் பகுதியார்க்கு ஐயமில்லை. சொல்லாமல் உணவைக் குப்பையில் போடுவதும், குழந்தைக்குப் பாதி வயிறு கொடுப்பதும் ஆகாதன. வெளிப்படையாகக் கேட்டால் வழி கிடைக்கின்றது. மாத்திரை உறைகளில் சில ஊன்பசையால் ஆனவை. மாற்று வடிவம் உண்டா என மருந்தகத்தில் கேட்கலாம். மாற்று இல்லாதவிடத்துக் குழந்தையின் மருந்தை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டென்று நாங்கள் கருதவில்லை.

தொற்றும் தூய்மையும்

மருந்துகள் நோயணுக்களோடு நல்ல வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு 500க்குக் கீழே இறங்கும் நாட்களில் சிறு கிருமியும் உயிருக்கு ஊறு செய்யும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால் காலைவரை காத்திருத்தல் கூடாது. முதல் ஊசி ஒரு மணி நேரத்திற்குள் ஏறவேண்டும் என்பதே மருத்துவர்களின் குறிக்கோள். காய்ச்சலை அளவிடுமுன் பாராசிட்டமால் தரலாகாது; அது காய்ச்சலை மறைத்துவிடும். வெப்பமானி ஒன்று வீட்டில் ஒன்று பையில் ஒன்று என இரண்டு வைத்திருந்தோம்.

நம் முன்னோர் நீரை வடிகட்டிக் காய்ச்சி அருந்தும் வழக்கத்தை வகுத்தது சிற்றுயிர்களைக் காக்கும் பொருட்டு. அவ்வழக்கம் அந்நாட்களில் எங்கள் சிற்றுயிரைக் காத்தது. புதிதாகச் சமைத்துச் சூடாக உண்பதும், நாட்பட்டதை விலக்குவதும் அவ்வாறே. இவற்றில் நாம் மற்றவர்க்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. கற்க வேண்டியது வேறு: கூட்டமாகச் சென்று பார்க்கும் வழக்கத்தைக் கைவிடல். ஒருவர் சளியுடன் வந்து போனதன் விலை எங்களுக்குப் பதினொரு நாள் கூடுதல் தங்கல். தட்டம்மை, சின்னம்மை கண்ட வீட்டார் அப்பக்கமே வருதல் கூடாது. சத்து டானிக்கும் நாட்டு மருந்தும் கொண்டுவருவோர்க்கு ஒன்று கூறுவோம். மெத்தோட்ரெக்சேட் போலிக் அமிலத்தை எதிர்த்து வேலைசெய்யும் மருந்து. பல டானிக்குகளில் போலிக் அமிலம் உண்டு. அன்போடு தரும் புட்டியே மருந்தை முறிக்கக்கூடும்.

நோய் அடங்குதல் வேறு, தீர்தல் வேறு

நாற்பதாம் நாள் அளவில் மஜ்ஜையை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். நோயணு ஐந்து விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியிருந்தால் நோய் அடங்கியது என்பர். எங்கள் மகளுக்கு அடங்கியிருந்தது. அன்று வார்டில் இனிப்பு வழங்கினோம். இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே நினைவிற் கொள்ள முடியும் என்றால், இனி வரும் பகுதியைக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நோய் தெரியவரும் நாளில் குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது அழிந்த பின்னும் ஆயிரம் கோடி எஞ்சும். நுண்ணோக்கியில் அவை தென்படா. குழந்தை ஓடியாடும், முகத்தில் ஒளி வரும், பசி எடுக்கும். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றையும் கண்டறியும் எம்.ஆர்.டி. என்னும் சோதனை இப்போது உண்டு. அதிலும் ஒன்றும் தென்படவில்லை என்றாலும் சிகிச்சையை நிறுத்துவதில்லை. ஏனெனில் அக்கணக்கிற்கும் கீழே மறைந்திருப்பவை மீண்டும் பெருக வல்லவை. ஆகவே அடுத்து ஆறேழு மாதம் கடுமையான மருந்துகளும், அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டு மாத்திரைகளும் என வகுத்துள்ளனர்.

எங்கள் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தையார் செங்கற்சூளையில் வேலை செய்பவர். இரு பிள்ளைகளும் ஒரே நாளில் இனிப்புத் தின்றனர். அவர்கள் வீடு சென்றனர். அடுத்த தேதிக்கு வரவில்லை. மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது, பையன் நன்றாக விளையாடுகிறான், வேலைக்குப் போகாவிட்டால் சோறில்லை, பிறகு வருகிறோம் என்றாராம். ஐந்து மாதங் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தனர். திரும்பி வந்த நோய் முன்போல மருந்துக்கு இணங்குவதில்லை. நாங்கள் மூன்றாம் கட்ட மருந்துக்காகத் தங்கியிருந்த வாரத்தில் அவன் இறந்தான். அவன் தாயார் எங்கள் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நம் நாட்டில் இந்நோயால் இறக்கும் குழந்தைகளுள் ஒரு பகுதியினர் மருந்து பலிக்காமல் இறப்பவர் அல்லர். சிகிச்சை இடையில் விடப்பட்டவர்கள். விடுவதற்குக் காரணம் அன்பின்மை என்று எவரும் எண்ண வேண்டா. பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள், தங்க இடமின்மை ஆகியவையே. அச்சிறுவன் குடும்பத்திற்கு நோய் அடங்கிய நாளில் வேண்டியிருந்தது மாதம் இரண்டு முறை சென்னை வந்துபோகும் செலவு. நம்மில் மருந்து தானம் செய்ய விழைவோர், மருந்துக்கு மட்டும் பணம் தருவதாக எண்ணிவிடாமல் இதனையும் மருந்தென்றே கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலர் வழிப் பெறும் வருமானச் சான்றும் வேண்டும். நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே உறவினர் ஒருவர் இவ்வேலையைத் தலைமேற் கொண்டால் பெற்றோர்க்குப் பேருதவி. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர்க்கும் இரயில்வே கட்டணச் சலுகை தருகின்றது. அதற்கான படிவத்தில் மருத்துவமனை முத்திரை வேண்டும்.

குருதிக் கொடை

தட்டணுக்களை எடுத்து ஐந்து நாட்களுக்குமேல் வைத்திருக்க இயலாது. ஆகவே கொடையாளர் அவ்வப்போது வேண்டும். நாங்கள் எட்டு முறை தட்டணுவும் ஆறு முறை செவ்வணுவும் ஏற்றினோம். முதல் முறை வேண்டியபோது, உடலிலிருந்து எடுப்பதும் ஏற்றுவதும் நம் ஆசாரத்திற்கு ஒக்குமோ என்று ஊரில் சிலர் தயங்கினர். பிறகு எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் நயினார் வீட்டுப் பிள்ளைகள் பன்னிருவர் முறைவைத்து வந்தனர். ஒருவர் முறைக்கு முதல்நாள் பனி நாளில் இருசக்கர வண்டியிலேயே வந்து இறங்கினார். 18 வயது நிறைந்து 45 கிலோ எடைக்குக் குறையாத உடல்நலமுள்ளோர் 65 வயது வரை கொடுக்கலாம். முழுக்குருதியை ஆடவர் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் தரலாம். நெருங்கிய உறவினர் குருதியைக் கதிர்வீச்சில் பதப்படுத்திய பின்னரே ஏற்றுவர் என்பதால், அயலார் கொடையே சில வேளைகளில் எளிது.

ஊரில் விட்டுவந்த பிள்ளை

மகனுக்கு அப்போது இரண்டரை வயது. சித்தப்பா சித்தி அவனைத் தம் பிள்ளையாகவே வைத்துக்கொண்டனர். ஆயினும் ஒரு மாதத்தில் அவன் பேச்சுக் குறைந்தது. அக்காளின் செருப்பை எவரும் எடுக்கவிடாமல் வாசலிலேயே வைத்திருந்தான் என்று சித்தி சொன்னாள். நோயுற்ற பிள்ளையின்பால் எல்லோர் கண்ணும் இருக்கையில், நலமாயிருக்கும் பிள்ளை தான் மறக்கப்பட்டதாக எண்ணுகின்றது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் அறிவுரைப்படி, நாள்தோறும் மாலை ஐந்து மணிக்குக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினோம். அக்காளுக்கு முடி உதிர்ந்ததையும் மறைக்கவில்லை. அவன் கண்டு சிரித்தான், அவளும் சிரித்தாள். பெரியவர்களே அழுதனர்.

தம்பியின் மஜ்ஜையை எடுத்து வைப்பார்களா என்று பலர் கேட்டனர். இவ்வகை நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றம் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டாலும் உடன்பிறந்தார் ஒருவருடையது பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு.

மாத்திரை ஆண்டுகள்

2019ஆம் ஆண்டு கோடையில் வீடு திரும்பினோம். இனி நாள்தோறும் 6-மெர்காப்டோபியூரின், வாரத்தில் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட். இரண்டும் சிறிய மஞ்சள் நிற மாத்திரைகள். வாரமாத்திரையை மறந்து நாள்தோறும் தந்துவிட்டால் உயிர்க்கே கேடு விளையும். ஆதலின் அதனை வேறு டப்பியில் இட்டு, ஞாயிறு என்று எழுதி ஒட்டிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தோம். நாள்மாத்திரை கொடுத்ததும் தினசரி நாட்காட்டித் தாளில் அவளே ஒரு கோடு இடுவாள். நூறு நாள் மாத்திரையில் ஐந்துக்கு மேல் தவறும் குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நலமாக இருக்கும் குழந்தைக்கு மாத்திரை கொடுப்பது, நோயோடு இருக்கும் குழந்தைக்குக் கொடுப்பதைவிடக் கடினம் என்பதை அப்போது கண்டோம்.

படுக்குமுன் கொடுக்குமாறு முதலில் எழுதியிருந்தனர். இரவுண்ணாமை பற்றிக் கேட்டபோது மருத்துவர், எந்த நேரம் என்பதைவிட நாள் தவறாமையும் ஒரே நேரம் என்பதும் முதன்மை என்று கூறி, மாலை ஐந்தரை மணியாக மாற்றித் தந்தார். கேளாதிருந்தால் ஒன்றில் விரதத்திற்கோ மருந்துக்கோ குறை நேர்ந்திருக்கும்.

2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. எங்கள் பகுதி மருந்துக் கடைகளில் 6-மெர்காப்டோபியூரின் கிடைக்கவில்லை. கையில் ஒன்பது நாள் மாத்திரை இருந்தது. குருதிச் சோதனையை வந்தவாசியிலேயே செய்து எண்ணிக்கையைத் தொலைபேசியில் தெரிவிக்க, மருத்துவர் அளவைச் சொன்னார். மாத்திரையைக் காய்கறி வண்டி ஓட்டும் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்து செங்கல்பட்டில் கொடுத்தார். முகக்கவசம் அணியவும் கைகழுவவும் ஊரெல்லாம் கற்றுக்கொண்டிருந்த அந்நாட்களில், எங்கள் மகள் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தாள்.

சிகிச்சை முடிந்தபின் முதலாண்டில் அடிக்கடியும், பிறகு இடைவெளி கூட்டியும் சோதனைக்குச் செல்லுதல் வேண்டும். விட்டுப்போன தடுப்பூசிகளை ஆறு மாதங் கழித்து மருத்துவர் சொல்லும் முறைப்படி மீண்டும் போடுவர். எங்கள் மகள் இப்போது பன்னிரண்டு வயதைக் கடந்தவள்; ஆண்டுக்கொருமுறை செல்கிறோம். சில மருந்துகள் பல ஆண்டுகள் கழித்து இதயத்தைத் தளர்த்தக்கூடும் என்பதால் எக்கோ சோதனையும் உண்டு. இவ்வாண்டுச் சோதனைக்குத் தம்பியும் உடன் வரவேண்டும் என்று அவனே கேட்டிருக்கிறான். பள்ளியில் ஒருநாள் விடுப்பு எழுதித் தர வேண்டும்.